ஒரு சுரம்கூட மாறாமல்

மாதா கோயில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் ஞானப்பிரகாசத்துக்கு வயது எழுபத்திரண்டு. திருவிழாக் கமிட்டித் தலைவர் சவரிராயன் ஊர்க்கூட்டத்தில் மீசையை நீவிக்கொண்டு சொன்னார்:

“வயசானா வாசிப்பு தேய்ஞ்சுபோகும் ஓய். நாப்பது வருசம் முன்னால என் கல்யாணத்துல வாசிச்சீரே, அப்படியே வாசியும். ஒரு சுரம் மாறினாலும் கிளாரினெட் என் மருமகனுக்குப் போயிரும்.”

“அப்படியேவா முதலாளி?”

“அப்படியேதான்.”

ஞானப்பிரகாசம் ஊதினார். எடுத்த எடுப்பிலேயே கீச்சென்றது. நடுவில் மெட்டு மறந்துபோய், எங்கெங்கோ முட்டிமோதித் திரும்பி வந்தது. தெருநாய் ஒன்று கூடவே ஊளையிட்டது.

“என்னவே இது கண்றாவி?”

“உங்க கல்யாணத்துல வாசிச்சதுதான் முதலாளி. இதையெல்லாம் மறக்கத்தான் நாப்பது வருசமா தினமும் சாதகம் பண்ணுதேன்.”

“பொய்.”

தலைவரின் மனைவி பாக்கியமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “அதேதாங்க, ஒரு சுரம் மாறல. தாலி கட்டும்போது உங்களைப் பார்த்துச் சிரிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்களே, இந்தக் கீச்சுக்குத்தான் சிரிச்சேன். கிளாரினெட் அவர்கிட்டயே இருக்கட்டும்.”

சிரிப்பு அடங்கியதும் ஞானப்பிரகாசம் பணிவாகக் கேட்டார்: “இப்ப வாசிக்கிறதையும் கொஞ்சம் கேக்கீங்களா?”

அவர் வாசிக்கத் தொடங்கியதும் தலைவர் மீசையை விட்டுவிட்டுக் கேட்டார். நாயும் இந்த முறை ஊளையிடாமல் கடைசிவரை காதை நிமிர்த்திக்கொண்டு கேட்டது.