சைலன்சரில் இருந்த சொத்து

மில் முதலாளி சென்னியப்பன் வீட்டு ஷெட்டில் அவர் அப்பாவின் பழைய பைக் பதினைந்து வருஷமாக ஓடாமல் கிடந்தது. மெக்கானிக் துளசிமணியைக் கூப்பிட்டு, "ஒரு சாமானும் மாத்தக் கூடாது, ஆனா வண்டி ஓடணும்" என்றார்.

மூன்று நாள் இன்ஜினைப் பிரித்துக் கழுவி மாட்டினாள். வண்டி கிளம்பவில்லை. சைலன்சருக்குள் கம்பியை விட்டாள். குளவி கட்டிய மண்கூடு கட்டி கட்டியாக வந்தது. அடுத்த உதையில் இன்ஜின் படபடத்தது.

சொந்தபந்தம் கூடி நிற்க முதலாளி கத்தினார்: "கோயமுத்தூர் மெக்கானிக்கே கைவிட்ட வண்டி இது! இவ எதையோ திருடிட்டு வேற சாமான் மாட்டியிருக்கா. எடுத்ததை இப்பவே திருப்பி வையி!"

மூன்று நாள் கரியில் கிடந்தவளுக்கு மரியாதையைப் பாருங்கள்!

"சரிங்க முதலாளி" என்று இன்ஜினை அணைத்தாள். மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்துச் சைலன்சரில் அடைத்தாள். "நான் எடுத்தது இவ்வளவுதானுங்க. வெச்சுட்டேன், ஓட்டுங்க."

முதலாளி வேட்டி அவிழும்வரை வண்டியை உதைத்தார். வண்டி முனகக்கூட இல்லை. கூட்டம் சிரித்தது.

"அந்த மண்ணை எடுத்துத் தொலை!"

"நான் எடுத்தா திருட்டாச்சுங்களே. உங்க சொத்து, நீங்களே எடுத்துக்கங்க."

முதலாளி தரையில் குந்தி விரலால் தோண்டினார். துளசிமணி கம்பியைக்கூடக் கொடுக்கவில்லை.