ஏனுங்க

“நம்ம பட்டறையில ஒருத்தனுக்கும் சொந்த புத்தி இல்லீங்க சாமி.”

வந்ததும் வராததுமாக நல்லசிவம் சொன்னது இதைத்தான். திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிற முதலாளி. மடத்துச் சாமிக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் மனசு கனத்தால் சாமியிடம்தான் ஓடி வருவார்.

அடுத்த வாரம் அவருக்கு இதய ஆபரேஷன். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்குப் பட்டறைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேனேஜர் ரங்கராசுவை நம்பி விட்டுவிட்டுப் போவதா, இல்லை பட்டறையையே விற்றுவிடுவதா? இந்த யோசனையில் மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது.

“எதைக் கேட்டாலும் சரிங்க, சரிங்கன்னு தலையாட்டறான் சாமி. அவன்கிட்ட எப்படி ஒப்படைக்கிறது?”

சாமி ஒரு வேலை சொன்னார். ரங்கராசுவுக்குப் போன் போட்டு, ஏற்றுமதிக்கு வைத்திருக்கும் வெள்ளைத் துணி முழுவதையும் கருப்புச் சாயத்தில் இறக்கச் சொல்ல வேண்டும்.

நல்லசிவம் சிரித்துவிட்டார்.

“எனக்குப் பைத்தியம்னு நினைச்சுக்குவான்.”

“நினைக்கட்டும். ஸ்பீக்கர்ல போடுங்க.”

போட்டார். சொன்னார்.

“சரிங்க மொதலாளி.”

நல்லசிவத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“டேய், அது வெளிநாட்டுக்குப் போற துணிடா. தெரியாதா உனக்கு?”

“தெரியுங்க.”

“கருப்புல போட்டா அத்தனையும் பாழாப் போயிரும்.”

“அதுவும் தெரியுங்க.”

“அப்புறம் எதுக்குடா சரின்னே?”

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பார்த்தீர்களா என்பதுபோல நல்லசிவம் சாமியைப் பார்த்தார். சாமி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருக்கா ‘ஏனுங்க’ன்னு கேட்டேனுங்க” என்றார் ரங்கராசு.

“எப்போ?”

“ஆயுத பூசை அன்னைக்குங்க. கன்னத்துல அறஞ்சீங்க. எம் பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருந்தா.”

நல்லசிவம் யோசித்துப் பார்த்தார். பூஜை ஞாபகம் இருந்தது. எல்லாருக்கும் தன் கையால் பொரி கடலை கொடுத்தது ஞாபகம் இருந்தது. அறைந்தது மட்டும் ஞாபகமே இல்லை. அவருக்குத் தன்னை நினைத்தே பயமாகிவிட்டது.

“அதுக்கப்புறம் இங்க யாரும் உங்ககிட்ட அந்த வார்த்தையைக் கேக்கறதில்லீங்க.”

குரலில் கோபமே இல்லை. நல்லசிவம் சாமியைத் திரும்பிப் பார்த்தார். சாமி துணைக்கு வரவில்லை.

“மொதலாளி?”

நல்லசிவம் போனைக் கையில் எடுத்தார்.

“துணியை இறக்கட்டுங்களா?”