பால் நெறச் சட்டை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதே வாயைத் திறந்துவிடாதீர்கள். அது கடைசியில்தான் வரும்.

காவலில் இறந்தவர்களைப் பற்றி ஒரு பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையும் மொழித்துறையும் கூட்டாக ஆய்வு செய்தன. அதற்காகத்தான் சட்டத்துறை எஸ்தர் ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கம்மாளின் ஊருக்குப் போனாள். அங்கம்மாளின் கணவர் விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்குப் போய், மூன்றாம் நாள் பிணமாகத் திரும்பியவர். கேஸை மூடியாகிவிட்டது. மூட உதவியது அங்கம்மாளின் வாக்குமூலமேதான்:

“என் கணவர் வெள்ளைச்சாமி குடிப்பழக்கம் உள்ளவர். மேற்படி வெள்ளைச்சாமி வெள்ளைச் சட்டை அணிந்து, போதையில் தானாகவே தவறி விழுந்து இறந்தார். எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரி.”

இப்படியே போகிற ஒரு பக்கத்தில் ஏழு வெள்ளைச்சாமி. கீழே கைநாட்டு.

“நான் அப்பிடிச் சொல்லவேயில்ல தாயி. பொணத்த வாங்கணும்னா கைநாட்டு வையின்னு போலீஸ்காரக சொன்னாக, வச்சேன். கட்டுனவரக் குடிகாரன்னு சொல்லிட்டியேன்னு ஊரே என்னையக் கேக்குது. டீயத் தவிர ஒண்ணும் தொடாத மனுசன்.”

எஸ்தர் நம்பினாள். ஆனால் ஆய்வை நடத்தும் பேராசிரியர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்: “எல்லாரும்தான் நான் சொல்லலைன்னு சொல்லுவாங்க. கைநாட்டு அவங்களோடதுதானே? ஆதாரம் கொண்டு வாங்க எஸ்தர். இல்லேன்னா மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்புற அறிக்கையில இவங்க கேஸைச் சேர்க்க முடியாது.”

எஸ்தர் படிவத்தை எடுத்தாள். “கணவர் பேரு?”

அங்கம்மாள் பக்கத்து வீட்டு ராக்கைப் பார்த்தாள். “வெள்ளச்சாமின்னு எழுதிக்கங்க,” என்றாள் ராக்கு.

“அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தாரு?”

“பால் நெறச் சட்டை,” என்றாள் அங்கம்மாள்.

புது வார்த்தை! எஸ்தர் குறித்துக்கொண்டாள்.

“மதினி, ஒங்க வெள்ளக்கோழி எங்க அடுப்படியிலதான் முட்டையிடுது. இனிமே முட்டை எனக்குத்தான்,” என்றாள் ராக்கு.

“அந்தப் பால் நெறக் கோழிக்கு வீடு வாசலே தெரியாது, எடுத்துக்க.”

எஸ்தரின் போன் அடித்தது. “டேய் பிரின்ஸ், வேலையா இருக்கேன். அப்புறம் பேசுறேன்டா.”

“தம்பியா தாயி?”

“வீட்டுக்காரர்ம்மா.”

அங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராக்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பொறுங்கள், சொன்ன சிரிப்பு இதுவல்ல.

எஸ்தர் பல்கலைக்கழகம் திரும்பியதும், மொழித்துறைப் பூங்குன்றன் அந்த வார்த்தையைக் கேட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “அடடா! அரிய வட்டாரச் சொல்லாயிற்றே!” உடனே ஓர் அட்டையில் எழுதினார்: ‘பால் நெறம்: இவ்வட்டார மக்கள் வெள்ளையைக் குறிக்கும் சொல்.’ பிறகு பேனாவைக் கடித்தபடி, “வேறொருவர் வாயிலிருந்தும் இதே சொல் வந்திருக்கிறதா, பாருங்கள்,” என்றார்.

எஸ்தர் பதிவை ஓடவிட்டாள். ராக்கு வெள்ளக்கோழி என்றாள். அங்கம்மாள் பால் நெறக் கோழி என்றாள். அதே ஊர், அடுத்தடுத்த வீடு, ஒரே கோழி. மறுபடியும் ஓடவிட்டாள். அதற்குள் போன் அடித்தது.

“சொல்லுடா பிரி...”

பாதிப் பெயரிலேயே அவள் வாய் நின்றுவிட்டது. வாக்குமூலத்தை இழுத்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

எஸ்தருக்கு என்ன பிடிபட்டது? அந்த வாக்குமூலம் அங்கம்மாள் சொன்னதல்ல என்று எதை வைத்து அடித்துச் சொல்லலாம்?

விடை: கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று முப்பது வருஷமாக அந்தப் பெயரை வாயில் எடுக்காதவள் அங்கம்மாள். அந்தப் பெயருக்குள் இருக்கும் நிறத்தை ஒரு கோழிக்குக்கூடச் சொல்லமாட்டாள். காக்க ஆயுசே இல்லாமல் போன பிறகும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவள் வாயில் ஏழு வெள்ளைச்சாமி எப்படி வரும்? சொன்னவரும் எழுதியவரும் ஒரே போலீஸ்காரர்தான். பேராசிரியர் பதிவை இரண்டு தடவை கேட்டுவிட்டு அந்தக் கேஸை அறிக்கையில் சேர்த்தார். பூங்குன்றன் தன் அட்டையில் ‘இவ்வட்டார மக்கள்’ என்பதை அடித்தார். முதலில் சொன்ன சிரிப்பு இதுதான்: அவர் கண்டுபிடித்த வட்டார வழக்கைப் பேசுகிறவர் உலகத்திலேயே ஒருத்திதான்.