பட்டாணியைக் கூப்பிடுவது

ஜெபமணி மாஸ்டரை நஞ்சப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தது மைதானத்தை ஒட்டிய டீக்கடையில்தான். மறுநாள் போட்டி.

நாய்களுக்குத் தடை ஓட்டம் பழக்குபவர் மாஸ்டர். குறுக்குக் கம்பு தாண்டுவது, துணிக் குகைக்குள் நுழைந்து வெளியே வருவது, நட்டுவைத்த கழிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுவது. அந்தக் காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் நாய் வைத்திருந்தவர்கள் அவரைத்தான் தேடிப் போவார்கள். ஜவுளிக்கடை நஞ்சப்பனும் தன் நாட்டு நாய் பட்டாணியைக் கூட்டிக்கொண்டு போனார்.

பட்டாணிக்குக் கால் தரையில் பாவாது. எந்தப் போட்டியானாலும் பாதியிலேயே கூட்டத்துக்குள் பாய்ந்துவிடும். வீட்டில் திரைச்சீலை கிழிந்தது, மெத்தை கிழிந்தது. கடைசியில் மனைவி ருக்மணி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கும் ஓடுச்சுன்னா பல்லடத்துல எங்கண்ணன் கோழிப்பண்ணைக்கு அனுப்பிருங்க. சங்கிலியில கெடக்கட்டும். சொன்ன பேச்சுக் கேக்காத ஜீவன் இந்த வீட்டுக்கு நீங்க ஒருத்தர் போதும்."

அன்று மாலைப் பயிற்சியிலும் அதே கதை. "பட்டாணி! பட்டாணி! இங்க பாரு பட்டாணி!" என்று நஞ்சப்பன் தொண்டை கட்டும்வரை கத்தினார். பட்டாணி வேலியோரம் ஓணான் துரத்திக்கொண்டிருந்தது.

"இதுக்குக் கவனம் வர என்னதாங்க வழி, மாஸ்டர்?"

"வாங்க, டீ குடிப்போம்."

டீயும் தேங்காய் பன்னும் வந்தன. பெஞ்சில் உட்கார்ந்ததும் மாஸ்டர், "நஞ்சப்பன்," என்றார்.

"சொல்லுங்க மாஸ்டர்."

மாஸ்டர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நஞ்சப்பன்."

"சொல்லுங்க."

"நஞ்சப்பன். ஏங்க, நஞ்சப்பன்."

"அட, என்னங்க?"

மாஸ்டர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார். டீக்கடைக்காரர் சிரித்தார். "மாஸ்டருக்கு இன்னிக்கு வெயில் தலைக்கேறிருச்சுங்க."

நஞ்சப்பனும் சிரித்தார். பிறகு எரிச்சல் வந்தது. பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

"நஞ்சப்பன்."

அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"நஞ்சப்பன்!"

அவர் திரும்பவே இல்லை. பிறகு கை பன்னைத் தேடியது. தட்டு காலி. எதிர்ப்புறம் புளியமரத்தடியில் பட்டாணி வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"பார்த்துட்டேதானே இருந்தீங்க? சொல்லக் கூடாதுங்களா?"

"கூப்பிட்டேனே."

நஞ்சப்பன் பேப்பரை மடித்து வைத்தார். டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப எப்பத்தாங்க அதைக் கூப்பிடறது?"

"சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தா."

மறுநாள் மாஸ்டர் போட்டிக்கு வரவில்லை. எப்போதும் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் நிற்பவர். நஞ்சப்பன் வாசலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனார். ருக்மணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

விசில் ஊதினார்கள். நஞ்சப்பன் வாயே திறக்காமல் ஓடினார். பட்டாணி கம்புகளைத் தாண்டியது. குகைக்குள் நுழைந்தது. வெளியே வந்ததும் பஞ்சுமிட்டாய்க்காரரைக் கண்டு கயிற்றை நோக்கிப் பாய்ந்தது.

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. நாயின் பெயர் நஞ்சப்பனின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். கழிகள் இருந்த பக்கம் உடம்பைத் திருப்பி, கையை நீட்டி நின்றார். பிறகுதான் கூப்பிட்டார்.

"பட்டாணி."

அது நின்றது. திரும்பி அவரைப் பார்த்தது. அவர் ஓடினார். கூடவே வந்தது.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ருக்மணி கயிற்றுக்கு அடியில் குனிந்து மைதானத்துக்குள் வந்தாள்.

"எங்கண்ணன்கிட்ட நாய் வரலைன்னு நானே சொல்லிக்கறேன். நீங்க போய் மாஸ்டர்கிட்டச் சொல்லுங்க."

மாஸ்டர் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

நஞ்சப்பன் உள்ளே போய்த் தலைமாட்டில் நின்றார்.

"மாஸ்டர்," என்றார். "ஓடி முடிச்சிருச்சுங்க."

பட்டாணி நஞ்சப்பன் வீட்டிலேயே கிழமானது. ருக்மணி இறந்த பிறகும் சில வருடம் இருந்தது. கடைசியில் அதற்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. நஞ்சப்பன் கையை நீட்டி நின்றால் போதும், வந்துவிடும்.