கூகைமுடிக்கு இரண்டு பக்கம்

"சாமி, இந்த மேகத்தை அந்தப் பக்கம் தள்ளி விடறதுக்கு என்னதானுங்க வழி?"

கேட்டவன் பொம்மணன். கூகைமுடி மலை உச்சியில் நின்றுகொண்டு, மேற்கே இருந்து ஏறி வரும் மேகத்தை முறத்தால் கிழக்கே வீசிக்கொண்டிருந்தான்.

"கை வலிக்கலையா அண்ணா?" என்றார், அங்கேயே குடிசை போட்டிருக்கும் சாமி. சீடனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர் என்பதால் அப்படித்தான் கூப்பிடுவார்.

கிழக்குச் சரிவில் இருக்கும் கள்ளிக்காட்டாரின் வழக்கம் அது. ஆடி பிறந்தால் ஊர் சார்பில் ஒருவர் உச்சிக்கு வந்து ஒரு வாரம் முறம் வீச வேண்டும். பொம்மணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மழையோட வந்தாத்தான் நான் மனுசன்" என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டான்.

அது ஆயிற்று மூன்று வருடம். ஊருக்குத் திரும்ப முடியாமல் சாமிக்கே சீடனாகிவிட்டான். பாவம், வீட்டு நினைப்பு வந்தால் பாறைக்குப் பின்னால் போய் அழுவான்.

மேகமோ மேற்குச் சரிவில் பாசிப்பாறை ஊரின் தலையில் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு உச்சியைத் தாண்டும். இந்தப் பக்கம் இறங்கினால் வெயில் பல்லை இளிக்கும்.

அன்று மதியம் பாசிப்பாறை வெள்ளச்சி சொட்டச் சொட்ட வந்தாள்.

"ரெண்டு மாசமா சூரியனையே பாக்கல சாமி. பறிச்ச பாக்கெல்லாம் பூஞ்சணம் பிடிக்குது. மழைய நிறுத்துங்க."

"சரி. வெள்ளிக்கிழமை பாக்கைத் தூக்கிட்டு வாங்க."

மறுநாள் கள்ளிக்காட்டுப் பெரியவர் நாச்சிமுத்து வந்தார்.

"மாடு கடிக்க ஒரு புல்லு இல்லீங்க. மழையைக் குடுங்க."

"சரி. வெள்ளிக்கிழமை மாட்டை ஓட்டிட்டு வாங்க."

பொம்மணன் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "சாமி, ரெண்டு ஊரும் ஒரே நாள்ல வந்தா வெட்டுக்குத்து ஆயிருமுங்க!"

சாமி முதுகைச் சொறிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சண்டையும் வந்தது.

"எங்க மழையை முழுங்கினவங்க!"

"வெயிலைப் பூரா வளைச்சுப் போட்டவங்க!"

சாமி எழுந்தார். ஒரு பாக்கு மூட்டையைத் தலையில் ஏற்றினார். கிழக்கே இறங்கி நடந்தார்.

"ஐயோ, நம்ம பாக்கு!" என்று பாசிப்பாறையார் மீதி மூட்டைகளோடு பின்னால் ஓடினார்கள்.

மாடுகளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. புல் வாசம் பிடித்து மேற்கே இறங்கிவிட்டன. கள்ளிக்காட்டார் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

உச்சியில் பொம்மணன் மட்டும் மிச்சம். சாமி இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தார்.

இருபது நாள் கழித்து நாச்சிமுத்து மூச்சு வாங்க ஏறி வருவது தெரிந்தது. கையில் ஒரு மாலை. 'மழை எங்கே?' என்று கேட்டால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? பொம்மணன் பாறைக்குப் பின்னால் பதுங்கினான்.

"சாமி, ஊரெல்லாம் பாக்குக் காயுதுங்க. வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை. அந்தப் பக்கம் மாடெல்லாம் கொழுத்துப் போச்சு."

"சந்தோசம்."

"ஒரே ஒரு வேண்டுதலுங்க. பாக்குக் காய இன்னும் இருபது நாள் வேணும். அதுவரைக்கும் நம்ம ஊர்ப் பக்கம் ஒரு தூத்தல்கூட விழக்கூடாதுங்க."

சாமி மாலையை வாங்கவில்லை. பாறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதுக்கு எங்க அண்ணனைக் கேளுங்க. மூணு வருசமா இங்கதான் நிக்கிறாரு. ஒரு சொட்டு விழ விட்டாரா?"