இலவசத் தேரும் தேரோட்டியின் கையும்

ஆண்டுக் கணக்கு எவருக்கும் நினைவில்லாத ஒரு காலத்தில், பெரிய ஆறு ஒன்றின் கரையில் இருந்த ஒரு நாட்டை ஓர் அரசர் ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் எதையாவது இலவசம் என்று சொல்லிவிட்டால் போதும், அவர் கண்கள் விரிந்துவிடும். கருவூலம் நிறையப் பொன் வைத்திருந்தவருக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்ததென்று அரண்மனையில் யாருக்கும் புரியவில்லை.

ஒருநாள் அவருக்குப் புதுத் தேர் வாங்கும் எண்ணம் வந்தது. அமைச்சர் விடங்கர், துறைமுக நகரத்துத் தேர் வணிகன் மாநாகனைச் சபைக்கு அழைத்து வந்தார்.

"அரசே! எங்கள் தேரை வாங்குவோருக்கு, தேர் உள்ளவரை பராமரிப்பு முற்றிலும் இலவசம்," என்றான் மாநாகன். "அச்சுக்கு எண்ணெய் இலவசம். சக்கரத்துக்கு இரும்புப் பட்டை இலவசம். குடைத் துணி கிழிந்தால் புதுத் துணி இலவசம்!"

அரசர் சிங்காசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார். "நிபந்தனை ஏதும் உண்டா?"

"சிறியதுதான், அரசே. எங்கள் பட்டறை ஆட்களைத் தவிர வேறு எவர் கையும் தேரின்மேல் படலாகாது. பட்டால் சலுகை ரத்து."

சபையின் ஓரத்தில் நின்றிருந்த விகடன் தத்தன் இதைக் கேட்டு வாயைத் திறந்தான். அதற்குள் விடங்கர் முந்திக்கொண்டார். அரசர் தத்தனின் பேச்சை ரசிப்பது அவருக்கு வெகுநாளாகவே பிடிக்கவில்லை.

"அரசே, இப்படியொரு சலுகையை யாரோ ஒரு மடையன் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது. பட்டறை ஆட்களைத் தவிர, தேரில் எவன் கை படுகிறதோ அந்தக் கையை வெட்டுக என்று ஆணை இடுங்கள்."

மகிழ்ச்சியில் இருந்த அரசர் யோசிக்கவில்லை. "அப்படியே ஆகட்டும்," என்றார்.

தேர் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அச்சு முனகும்போதெல்லாம் அதைத் துறைமுகப் பட்டறைக்கே இழுத்துப் போக வேண்டியிருந்தது. அங்கே எண்ணெயை இலவசமாகப் போட்டார்கள். எண்ணெய் போடுவதற்காகக் கழற்றிய பாகங்களைத் திரும்பப் பூட்டக் கூலி கேட்டார்கள். தேர் அரண்மனையில் நின்ற நாளைவிடப் பட்டறையில் நின்ற நாளே அதிகம். அப்படியும் அரசர் வருகிறவர்களிடமெல்லாம், "பராமரிப்பு இலவசம், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் வந்தது. அரசரின் சின்ன மகளைத் தாய்மாமன் வீட்டிலிருந்து அழைத்துவரத் தேரோட்டி கொற்றன் போனான். திரும்பும் வழியில், ஆற்றங்கரைச் சாலையில், சக்கரத்தைப் பிடித்திருந்த கடையாணி முறிந்துவிட்டது. சக்கரம் கழன்று சரிந்தது. ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. பட்டறை ஆட்களுக்குச் சொல்லி அனுப்பிக் காத்திருந்தால் தண்ணீர் சாலையை மூடிவிடும். கொற்றன் பக்கத்தில் நின்ற வேலமரத்தில் ஒரு கிளையை வெட்டினான், அதைச் செதுக்கி, சக்கரத்தைத் திரும்ப மாட்டி ஆணியாக அடித்தான், பிள்ளையைப் பத்திரமாக அரண்மனை சேர்த்தான்.

மறுநாள் அவனைக் கட்டிச் சபையில் நிறுத்தினார்கள்.

"சலுகை ரத்து," என்றான் மாநாகன்.

"அரசரின் ஆணையும் மீறப்பட்டது," என்றார் விடங்கர்.

கொற்றன் தலை நிமிரவில்லை. "சாமி, தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு. புள்ள அப்பா அப்பான்னு அழுவுது. விழுவுற தேரப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா? கை தானாப் போயிருச்சு சாமி."

அரசரின் முகம் கறுத்தது. மகளைக் காப்பாற்றியவன் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சபையறிய இட்ட ஆணை. அவர் தத்தனைப் பார்த்தார்.

தத்தனுக்கு வழக்கமாக வரும் சிரிப்பு அன்றைக்கு வரவில்லை. கொற்றனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு இறுகி விரல்கள் வீங்கியிருந்தன.

"என்ன விகடரே, ஆணையை மாற்றச் சொல்லப் போகிறீரா? அரசர் வாக்கு பொய் என்கிறீரா?" என்று சீண்டினார் விடங்கர்.

"இல்லை," என்றான் தத்தன். "ஓர் எழுத்தும் பிசகாமல் நிறைவேற்ற வேண்டும் என்கிறேன். அரசே, நாளைக் காலை ஆற்றுப் பூசைக்கு முதன்முறையாக இந்தத் தேரில் போகிறீர்கள். அந்தப் பயணம் முடியும்வரை ஆணையைக் காக்கும் பொறுப்பை என்னிடம் தாருங்கள். கொற்றனின் தண்டனையை அதன்பின் நிறைவேற்றலாம்."

"பயணத்துக்கு இடையூறு வந்தால்?" என்றார் விடங்கர்.

"நான் இந்த நாட்டைவிட்டுப் போகிறேன்."

விடங்கருக்கு அதுவே போதுமாக இருந்தது. அரசரும் சம்மதித்தார்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் ஊரே கூடி நின்றது. வெட்டரிவாளுடன் கொலைச் சேவகன் ஒரு பக்கம் நின்றான். அவனுக்கு அருகில் கட்டுண்ட கைகளோடு கொற்றன். அரசர் பட்டுடுத்தி வந்து, தேரின் படியில் கால் வைத்து, ஏறுவதற்காகக் கைப்பிடியை நோக்கிக் கை நீட்டினார்.

"அரசே, கை!" என்றான் தத்தன்.

அரசரின் கை அந்தரத்தில் நின்றது.

தத்தன் மாநாகனிடம் திரும்பினான். "வணிகரே, இந்தக் கைப்பிடி தேரைச் சேர்ந்ததுதானே?"

"ஆமாம்."

"அரசர் உங்கள் பட்டறை ஆளா?"

"அதெப்படி... இல்லை."

"அப்படியானால் கை வைக்காமல் ஏறுங்கள், அரசே. ஆணை தங்களுடையது."

அரசரின் காதுமடல் சிவந்தது. வீம்புக்காரர் அவர். இரு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு படியில் ஏறினார். கனத்த உடம்பு, வழுக்கும் பட்டு. இரண்டாம் படியில் கால் இடறியது. அரசர் பின்புறமாகச் சரிந்தார்.

பக்கத்தில் நின்ற விடங்கர் பாய்ந்தார். ஒரு கையால் அரசரின் இடுப்பைப் பிடித்தார். தானும் சேர்ந்து விழாமலிருக்க, மறு கையால் தேர்ச்சக்கரத்தின் ஆரக்காலை இறுகப் பற்றிக்கொண்டார்.

அரசர் விழவில்லை. எல்லோர் கண்ணும் அந்த ஆரக்காலின்மேல் இருந்தது.

"அமைச்சரின் கை," என்றான் தத்தன் மெல்ல.

கொலைச் சேவகன் என்ன செய்வதென்று தெரியாமல் ஓர் அடி முன்னே வந்தான். விடங்கர் சக்கரத்திலிருந்து கையை உதறி எடுத்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"அரசர் விழப் போனார்! விழட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்கிறீரா? கை தானாகப் போய்விட்டது!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அவர் கொற்றன் பக்கம் திரும்பவே இல்லை.

அரசர் கைப்பிடி இல்லாமல் தடுமாறுவார், ஆணையின் முட்டாள்தனம் அவருக்கே புரியும் என்றுதான் தத்தன் எண்ணியிருந்தான். விடங்கர் பாய்வார் என்று நினைக்கவே இல்லை. அரசர் கோபம் கொண்டால் இன்றைக்கு ஒரு கைக்குப் பதில் இரண்டு கை போகும்.

அரசர் படியில் உட்கார்ந்துவிட்டார். விடங்கரைப் பார்த்தார், மாநாகனைப் பார்த்தார், கொற்றனை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. முதலில் சத்தமில்லாமல் சிரித்தார். சிரிப்பு பெருகப் பெருகக் கண்ணீர் வழிந்தது. அது சிரிப்பால் வந்த கண்ணீர் மட்டும்தானா என்று தத்தனால் சொல்ல முடியவில்லை.

"அரசே," என்று மாநாகன் கைகளைப் பிசைந்துகொண்டு வந்தான், "தங்களுக்காகச் சலுகையை மீண்டும்..."

"வேண்டாம். ரத்தாகவே இருக்கட்டும்," என்றார் அரசர். "உன் இலவசத்துக்கு என் மகளையே கொடுத்திருப்பேனே ஐயா! போய்விடு."

மாநாகன் போனான். ஆணை திரும்பப் பெறப்பட்டதென்று அங்கேயே பறை அறைந்தார்கள். விடங்கர் இரு கைகளோடும் வீடு போனார். அதன்பின் சபையில் அவர் யாரையும் சீண்டியதாகத் தெரியவில்லை. அரசர் தம் பொன்னாடையை எடுத்துத் தத்தனுக்குப் போர்த்தி, ஆயுள் முழுவதும் அனுபவிக்க ஆற்றங்கரையில் நிலமும் தந்தார்.

பிறகு தாமே இறங்கிப் போய்க் கொற்றனின் கட்டை அவிழ்த்தார். "பூசைக்கு நேரமாகிறது கொற்றா. நீயே ஓட்டுவாயா?"

கொற்றன் விரல்களை மடக்கப் பார்த்தான். அவை மடங்கவில்லை. "ஓட்டுறேன் சாமி. கை மரத்துக் கெடக்கு. கொஞ்சம் பொறுக்கணும்."

"பொறுக்கிறேன்," என்றார் அரசர்.

தத்தன் கொற்றனைப் படியில் உட்காரவைத்து, அவன் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினான். புரோகிதர்கள் வெயிலைப் பார்த்து முணுமுணுத்தார்கள். ஆற்றங்கரையில் மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். ஒரு தேரோட்டியின் விரல்களுக்கு உயிர் திரும்பும்வரை அரசர் வெயிலில் நின்றார், அவரோடு ஊரும் நின்றது.