பதினேழு ஒட்டு

அமோஸ் டில்மனுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. பியானோ வாசிக்கிறவருக்கு வரக்கூடாத வியாதி. வந்துவிட்டது, என்ன செய்ய.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ராக்டைம் மெட்டுகள் முப்பதுக்கு மேல் எழுதியவர். ராக்டைம் என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. இடது கை பிசகாமல் தாளம் போடும். வலது கை அந்தத் தாளத்தில் போய் விழாது. கொஞ்சம் முந்தி விழும், கொஞ்சம் பிந்தி விழும். கேட்கிறவன் கால் சும்மா இருக்காது. அவருடைய மெட்டு முன்வாசல் வழியாகப் போன ஓட்டல்களில், கறுப்பர் என்பதால், அவரைப் பின்வாசலில்கூட நிற்க விடவில்லை. அந்த வயிற்றெரிச்சலைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது.

லூதர் அவருடைய சீடன். சீடன் என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். குருவைவிட இரண்டு வயது மூத்தவன், முப்பதைத் தாண்டி வந்து கற்றுக்கொண்டவன். பியானோச் சுருள் செய்கிற கம்பெனியில் வேலை. அந்தக் காகிதச் சுருளைப் பியானோவுக்குள் மாட்டிக் காலால் மிதித்தால் போதும், விரல் படாமலே பியானோ வாசிக்கும். ஒருவர் வாசிக்க வாசிக்கக் காகிதத்தில் துளை விழும். ஒரு துளை, ஒரு சுரம். தப்பாக விழுந்த துளையைக் காகிதம் ஒட்டி மூடுவதும், சரியான இடத்தில் புதுத் துளை வெட்டுவதும்தான் லூதரின் வேலை.

அவன்தான் மானேஜரிடம் மன்றாடி, அமோஸை ஒருநாள் அங்கே வாசிக்க வைத்தான். அதுவரை அவர் மெட்டுகளை வேறு யார் யாரோ வாசித்த சுருள்கள்தான் கடையில் கிடைத்தன. அவர் கையாலேயே வாசித்த முதல் சுருள் இது. கை இனித் தேறாது என்று டாக்டர் சொன்னதைப் பார்த்தால் கடைசிச் சுருளும் இதுதான். மானேஜர் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். பதினேழு இடத்தில் கை தடுமாறியிருக்கிறது, திங்கட்கிழமைக்குள் சரி செய்தால் விற்பனைக்குப் போகும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும் என்று சொல்லிவிட்டார்.

லூதர் பதினேழையும் சரி செய்தான். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு குருவைக் கம்பெனிக்குக் கூட்டிவந்து, சுருளை மாட்டி மிதித்தான். ஒரு பிசிறு இல்லை. அமோஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"நல்லா வாசிக்கிறார். யாரு அவர்?"

லூதர் சிரித்தான். குரு சிரிக்கவில்லை.

"நீங்கதான், வாத்தியாரே."

"நான் இல்லை. எனக்கு இந்த ஆளோட பழக்கமே கிடையாது. அவர் பேரைப் போட்டு வித்துக்கச் சொல்லு."

லூதருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எத்தனை பேர் காலில் விழுந்து இந்த ஒரு நாளை வாங்கினேன் தெரியுமா என்று கேட்டான். நம் ஆட்களுக்கு ஒழுங்காக வாசிக்கவே வராது என்று பத்திரிகையில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் நாமே கம்பை எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டான். நாளைக்கு ஒருத்தன் இந்தச் சுருளைக் கேட்டுச் சிரித்தால் தன்னால் தாங்க முடியாது என்றும் சொன்னான்.

அமோஸ் அவனைப் பேசி முடிக்க விட்டார். பிறகு தன் முதல் மெட்டு அச்சுக்குப் போன கதையைச் சொன்னார்.

அப்போது அவருக்கு இருபத்து நாலு வயது. சரிபார்க்க அச்சகத்திலிருந்து தாள் வந்தது. பார்த்தால், முந்தியும் பிந்தியும் விழவேண்டிய வலது கைச் சுரங்கள் எல்லாவற்றையும் இழுத்து நேராகத் தாளத்தின்மேல் உட்கார வைத்திருந்தார்கள். ராணுவக் கவாத்து மாதிரி ஆகிவிட்டது மெட்டு. ஓடிப் போய்க் கேட்டிருக்கிறார். அச்சுத் தகடு செதுக்குகிற பெரியவர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தம்பி, உனக்குத் தாளம் சரியாகப் பிடிபடவில்லை, ஊர் சிரிக்கக்கூடாதே என்று நானே திருத்திவிட்டேன் என்றாராம். அமோஸ் மூன்று நாள் அந்த அச்சக வாசலை விட்டு நகரவில்லை. புதுத் தகடு வெட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

"அவர் கெட்டவர் இல்லை, லூதர். உன்னை மாதிரியே என்மேல் பிரியமாத்தான் இருந்தார்."

லூதர் விடவில்லை.

"அது நீங்க வேணும்னு எழுதினது. இது வியாதி. ரெண்டும் ஒண்ணா?"

அமோஸ் எழுந்து போய்ச் சுருளை மேசைமேல் விரித்தார். முதல் ஒட்டைத் தடவித் தேடி நகத்தால் கிளப்பப் பார்த்தார். விரல் நழுவியது. மறுபடி வைத்தார், மறுபடி நழுவியது. மூன்றாம் தடவை காகிதமே கிழியப் போனது.

லூதர் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குமேல் பார்க்க முடியவில்லை. கத்தியை எடுத்தான். ஒட்டை உரித்து அவருடைய துளையைத் திறந்தான். பசை தடவி, அதே ஒட்டைத் தான் வெட்டிய துளைமேல் போட்டு மூடினான். இப்படிப் பதினேழு. சாயங்காலம் ஆகிவிட்டது. அமோஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், இடையில் ஒருமுறை தண்ணீர் மட்டும் கேட்டார்.

சுருளை மாட்டி மறுபடி மிதித்தான். ஓரிடத்தில் இடது கை தடுக்கி நின்றது. வலது கை அதற்காகக் கொஞ்சம் நின்றது. இடது வந்து சேர்ந்ததும் இரண்டும் கிளம்பிப் போயின. அந்த இடத்தைத்தான் லூதர் முதல் வேலையாக மூடியிருந்தான். மிதித்துக்கொண்டிருந்த அவன் கால் தன்னையறியாமல் மெதுவானது.

"நிறுத்தாதே, மிதி" என்றார் அமோஸ்.

முடிந்ததும் லூதர் சுருளைப் பெட்டியில் வைத்தான். மூடியில் அமோஸ் டில்மன் என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அவர் அதைக் குனிந்து படித்துவிட்டுத் தலையாட்டினார். இப்போது சரி என்றார்.

லூதர் பெட்டியைக் கையிலிருந்து விடாமல் சொன்னான்:

"நாளைக்கு இதைத் தூக்கிப் போட்டுடுவாங்க, வாத்தியாரே."

"போடட்டும். தூக்கிப் போடுறது என்னையாவே இருக்கட்டும். வேற யாரையோ என் பேர்ல பத்திரமா வச்சிருக்க வேண்டாம்."